கிரம்பிள்: பழமும் மைதாவும் வெண்ணெயும் இருந்தால் ஓவனில் ஓர் இனிப்பு

கேக் செய்வதென்றால் முட்டை வேண்டும், பேக்கிங் பவுடர் வேண்டும், அளவும் பிசகக்கூடாது. ஆப்பிள் பை செய்ய மாவைப் பிசைந்து, ஆறவைத்து, கிழியாமல் தேய்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கிரம்பிளுக்கு இதெல்லாம் தேவையில்லை. நறுக்கிய பழத்தைப் பாத்திரத்தில் கொட்டி, மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் விரலால் உதிரியாகப் பிசறி அதன் மேல் தூவி ஓவனில் வைத்தால் வேலை முடிந்தது. அடியில் பழம் வெந்து தன் சாற்றிலேயே கெட்டியாகும். மேலே மாவு பொன்னிறமாகி மொறுமொறுவென்று நிற்கும்.

சுலபம்தான், ஆனாலும் முதல் தடவை செய்பவர்களில் பலருக்கு இரண்டு குறைகளில் ஒன்று வந்துவிடும். கரண்டியை விட்டால் அடியில் தண்ணீராக ஓடும். அல்லது மேலே மொறுமொறுப்புக்குப் பதில் சொதசொதவென்று ஈர மாவு இருக்கும். இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே, பழத்தில் இருக்கும் தண்ணீர். அது எங்கே போகிறது என்று புரிந்துவிட்டால் எந்தப் பழத்தை வைத்தும் செய்முறைக் குறிப்பு பார்க்காமலே கிரம்பிள் செய்யலாம்.

தண்ணீர்க் கணக்கு

ஓவனுக்குப் போகும் பழங்களில் பெரும்பாலானவற்றின் எடையில் 80 முதல் 90 சதவீதம் வரை தண்ணீர்தான். சூடு ஏற ஏறப் பழத்தின் செல்சுவர்கள் தளர்ந்து சாறு வெளியே வரும். கூடவே சேர்த்த சர்க்கரையும் சாற்றை இழுத்து வெளியே கொண்டுவரும். 800 கிராம் பெர்ரி வகைப் பழத்திலிருந்து ஒரு கப்புக்கு மேல் சாறு வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்தச் சாற்றுக்கு இரண்டே வழிகள். கொஞ்சம் ஆவியாகி மேல்மாவின் இடுக்குகள் வழியாக வெளியே போக வேண்டும். மீதியை ஏதாவது ஒரு மாவுச்சத்து பிடித்துக் கெட்டியாக்க வேண்டும். அதற்குத்தான் பழத்தோடு கார்ன்ஃப்ளார் சேர்க்கிறோம். வெள்ளை வெளேரென்று விரலில் வழுக்கும் மாவைச் சொல்கிறோம், மஞ்சள் நிற மக்காச்சோள மாவை அல்ல. கார்ன்ஃப்ளார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தண்ணீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும். ஆனால் முழுதாகக் கெட்டியாக, சாறு கிட்டத்தட்டக் கொதிநிலைக்கு வர வேண்டும். பாத்திரத்தின் ஓரம்தான் முதலில் கொதிக்கும். நடுப்பகுதி பத்துப் பதினைந்து நிமிடம் பின்தங்கியே வரும். ஓரத்தில் குமிழி வந்ததுமே வெளியே எடுத்தால், நடுவில் மாவுச்சத்து அரைகுறையாக வெந்து சாறு நீர்த்துத்தான் இருக்கும், வாயில் லேசாகப் பச்சை மாவு வாடையும் தட்டும். கடிகாரத்தைவிட இந்த நடுக்குமிழியை நம்புங்கள்.

மேல்மாவின் நிலைமை வேறு. அடியிலிருந்து ஆவி அதை நனைக்கிறது, மேலிருந்து சூடான காற்று அதை உலர்த்துகிறது. உலர்த்துவது ஜெயிக்க வேண்டுமானால் மாவு தளர்வாக, இடைவெளியோடு இருக்க வேண்டும். அழகாகச் சமன் செய்கிறேன் என்று கரண்டியால் அழுத்திவிட்டால் ஆவிக்கு வழியே இல்லாமல் போய், கீழ்ப்பாதி களியாகிவிடும்.

அளவுகள்

20 செ.மீ. சதுரம் அல்லது 23 செ.மீ. வட்டம், 5 செ.மீ. ஆழம் உள்ள பாத்திரத்துக்கான கணக்கு இது. ஆறு பேருக்குக் காணும்.

பழத்துக்கு:
தோல், கொட்டை நீக்கிய பழம் – 800 கிராம்
சர்க்கரை – 40 முதல் 80 கிராம் வரை, பழத்தின் புளிப்பைப் பொறுத்து
கார்ன்ஃப்ளார் – 1 முதல் 2 டேபிள்ஸ்பூன்
எலுமிச்சைச் சாறு – 1 டேபிள்ஸ்பூன்
பட்டைத்தூள் – அரை டீஸ்பூன், பிடித்தால் மட்டும்
உப்பு – ஒரு சிட்டிகை

மேல்மாவுக்கு:
மைதா – 120 கிராம் (1 கப்)
ஓட்ஸ் – 60 கிராம் (முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவு)
சர்க்கரை – 90 கிராம் (அரை கப்புக்குச் சற்றுக் குறைவு)
வெண்ணெய் – 90 கிராம்
உப்பு – கால் டீஸ்பூன்; உப்பு வெண்ணெய் என்றால் வேண்டாம்

மேல்மாவில் நினைவில் வைக்க வேண்டியது ஒரே விகிதம்தான்: எடையில் மாவு 2 பங்கு, சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 1 பங்கு. மேலே மைதாவும் ஓட்ஸும் சேர்ந்து 180 கிராம், மற்ற இரண்டும் தலா 90. ஓட்ஸ் இல்லையென்றால் முழுக்க மைதாவே போடலாம். மொறுமொறுப்பு குறைந்து பிஸ்கட் மாதிரி வரும். இரண்டு டேபிள்ஸ்பூன் மைதாவுக்குப் பதில் ரவை போட்டால் நறுக்கென்று இருக்கும். கோதுமை மாவு பாதிக்குப் பாதி போகலாம். முழுக்கக் கோதுமை மாவு என்றால் ஈரத்தை அதிகம் இழுத்துக்கொண்டு வறட்டென்று ஆகிவிடும், வெண்ணெயை 15 கிராம் கூட்ட வேண்டியிருக்கும். பாதாமோ முந்திரியோ அக்ரூட்டோ ஒரு கைப்பிடி பொடியாக நறுக்கிச் சேர்ப்பது நல்லதே. பொடித்துச் சேர்க்காதீர்கள், எண்ணெய் விட்டு மாவோடு கலந்து, மொறுமொறுப்புக்கு உதவாமல் போகும்.

பழத்தின் சர்க்கரையை நாக்குதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள். நன்கு பழுத்து இனிக்கிறதா, 40 கிராம் போதும். முகம் சுளிக்கும் புளிப்பா, 80 வரை போகலாம். மேல்மாவு ஏற்கெனவே இனிப்பு என்பதால் பழம் கொஞ்சம் புளித்தால்தான் நன்றாக இருக்கும். எலுமிச்சைச் சாறு கேட்பதும் அதனால்தான்.

எந்தப் பழம் எப்படி நடந்துகொள்ளும்

ஆப்பிள் தொடக்கக்காரர்களுக்கு உகந்தது. சாற்றை இறுக்கும் பெக்டின் என்ற இயற்கைப் பசை அதிகம், சாறு மிதம், புளிப்பான கெட்டி ரகமாக இருந்தால் வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். ஒன்றரை செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். பெரிதாக நறுக்கினால் மேல்மாவு சிவந்த பிறகும் பழம் கடுக்கென்று இருக்கும். கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூன் போதும். பேரிக்காயும் இதே கணக்குதான், ஆனால் கைக்குக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும்.

பீச், பிளம் போன்ற கொட்டைப் பழங்களுக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன். பெர்ரி வகைகளுக்கு 2 டேபிள்ஸ்பூன். ஸ்ட்ராபெர்ரியை மட்டும் தனியாகப் போடாதீர்கள்: நிறம் வெளுத்து, குழைந்து, கூழாகிவிடும்; பாதி ஆப்பிள் கலந்தால் உருவம் நிற்கும். மாம்பழம் அருமையாக வரும், முக்கால் பழுப்பில் இருந்தால். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து எலுமிச்சையை இரண்டு டேபிள்ஸ்பூன் ஆக்குங்கள். அன்னாசியின் நடுத்தண்டை நீக்கிவிட்டு ஒரு செ.மீ. துண்டுகளாக்க வேண்டும். வாழைப்பழம் தனித்து நின்றால் பசையாகும். வேறு பழத்தோடு ஒரு பழம் அளவுக்குச் சேர்த்தால் சர்க்கரையைக் குறைக்கலாம்.

தர்பூசணி, முலாம்பழம், ஆரஞ்சு இதற்கு ஆகாதவை. முதலிரண்டும் வெந்தால் தண்ணீரும் நாருமாகப் பிரியும். ஆரஞ்சின் தோல் சவ்வு கசக்கும்.

அலமாரியில் பழம் இல்லை, டின்தான் இருக்கிறது

டின் பழம் ஏற்கெனவே வெந்தது. பாகை வடித்துவிட்டு, அதில் மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் மட்டும் எடுத்து ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் கரைத்துப் பழத்தோடு கலக்குங்கள். சர்க்கரை வேண்டாம், எலுமிச்சை அவசியம். டின்னில் எழுதியிருக்கும் எடை பாகோடு சேர்ந்தது. வடித்த பிறகு நிறையவே குறையும், ஆகவே பெரும்பாலும் இரண்டு டின் தேவைப்படும்.

உறைந்த பழத்தை உருக விடாதீர்கள். உருகினால் சாறு முழுவதும் முன்கூட்டியே வெளியேறி, கார்ன்ஃப்ளார் அடியில் போய்ப் படிந்துவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த சூட்டோடு என்பார்களே, அப்படி எடுத்த குளிரோடே சர்க்கரையும் 2 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரும் பிசறி ஓவனில் வைத்துவிட வேண்டும். நேரம் 10 முதல் 15 நிமிடம் கூடும். கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பாத்திரத்தையே ஃப்ரீசரில் வைத்திருந்து நேராகச் சூடான ஓவனுக்குள் தள்ளினால் வெடித்துவிடலாம். அறைச்சூட்டில் இருக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் உறைந்த பழத்தைக் கொட்டினாலும் அந்த ஆபத்து கொஞ்சம் உண்டு. உலோகப் பாத்திரம் என்றால் இந்தக் கவலையே இல்லை.

ஆப்ரிகாட், திராட்சை போன்ற உலர்பழங்களை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, ஆப்பிளோடு நாலில் ஒரு பங்கு சேர்க்கலாம். அவை பழச்சாற்றைத் தாங்களும் குடித்துக்கொள்ளும் என்பதால் கார்ன்ஃப்ளாரைக் கூட்ட வேண்டியதில்லை. பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாம் இரண்டு கரண்டி இருந்தாலும் வீணில்லை, சர்க்கரையைக் குறைத்துவிட்டு அதைப் பழத்தில் கலந்துவிடலாம்.

கார்ன்ஃப்ளார் தீர்ந்துபோயிருந்தால் கஸ்டர்ட் பவுடர் அதே அளவு போடுங்கள். அதில் பெரும்பகுதி கார்ன்ஃப்ளார்தான், நிறமும் வெனிலா மணமும் கூடுதல். மைதாவும் கெட்டியாக்கும். அளவை இரட்டிப்பாக்க வேண்டும், சாறு பளபளப்பாக இல்லாமல் கலங்கலாக இருக்கும்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெண்ணெயில் சுமார் 80 சதவீதமே கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய் முழுக்கக் கொழுப்பு. 90 கிராம் வெண்ணெய்க்கு 72 கிராம் நெய்யும் இரண்டு டீஸ்பூன் குளிர்ந்த பாலும் சரியாக இருக்கும். எடைக்கு எடை நெய் போட்டால் மாவு ஓவனில் உருகி எண்ணெய்த் தகடாகப் பரவும்.

செய்முறை

ஓவனை 180 டிகிரி செல்சியஸில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 160 முதல் 170. ஓடிஜி எனப்படும் சிறு மின்சார ஓவன் என்றால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய வேண்டும், தட்டு நடுவில் இருக்க வேண்டும். கீழ்க் கம்பி எரியாமல் விட்டால் மேலே கருகும், அடியில் பழம் வேகாது.

முதலில் மேல்மாவு. மைதா, சர்க்கரை, உப்பு மூன்றையும் அகலமான பாத்திரத்தில் கலந்து, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சிறு சதுரங்களாக வெட்டிப் போடுங்கள். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்நுனிகளுக்கும் நடுவே மாவையும் வெண்ணெயையும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து உயரத்திலிருந்து உதிர விடுங்கள். உள்ளங்கை படக்கூடாது. அதன் சூட்டில் வெண்ணெய் உருகி மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடும். மூன்று நான்கு நிமிடத்தில் வெள்ளை மாவு மறைந்து, லேசான மஞ்சள் நிறத்தில் பொடியும் சிறு உருண்டைகளும் கலந்து நிற்கும். இப்போது ஓட்ஸைச் சேர்த்து ஒரு கிளறு. பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பிடிபடவே இல்லையென்றால் ஒரு டீஸ்பூன் பால் தெளியுங்கள். உதிராமல் ஒட்டிக்கொண்டால் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா. பட்டாணி அளவில் சில கட்டிகள் வேண்டுமென்றே இருக்கட்டும். எல்லாம் ஒரே பொடியாக இருந்தால் வெந்ததும் பாளமாக இறுகும்.

வெண்ணெயை உருக்கி ஊற்றியும் செய்யலாம். வேலை ஒரு நிமிடம்தான், கட்டிகள் பெரிதாக வரும், சாப்பிட பிஸ்கட் துண்டு மாதிரி இருக்கும். உருக்கியதை ஆறவிட்டு ஊற்ற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எப்படிச் செய்தாலும் மேல்மாவைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பழத்தைக் கவனியுங்கள். குளிர்ந்த கொழுப்பு மெதுவாக உருகும், அதற்குள் மாவு தன் உருவத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பழத்தில் சர்க்கரை, கார்ன்ஃப்ளார், உப்பு, பட்டைத்தூள் ஆகியவற்றை முதலில் உலர்வாகக் கலந்து தூவிப் புரட்டி, கடைசியில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். கார்ன்ஃப்ளாரைத் தனியாகக் கொட்டினால் ஈரம் பட்ட இடத்தில் கட்டி தட்டும். சர்க்கரையோடு கலந்து போட்டால் பரவலாகப் பிடிக்கும். கலந்த பழத்தை வெகுநேரம் வைத்திருக்க வேண்டாம்.

பாத்திரம் கண்ணாடியோ பீங்கானோ எவர்சில்வரோ எதுவாகவும் இருக்கலாம். பூச்சில்லாத வெறும் அலுமினியம் மட்டும் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோக வாடை ஏறும். பழம் மூன்று செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மேல்மாவைக் கையால் தூவுங்கள். அழுத்த வேண்டாம். விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கட்டும். அடியில் ஒரு தட்டு வைத்துக்கொண்டால், பொங்கி வழியும் சாறு ஓவனில் கருகிப் புகையாமல் தப்பலாம்.

40 முதல் 50 நிமிடம். முப்பதாவது நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். மேலே நல்ல பொன்னிறமாகி, நடுவில் உள்ள இடுக்குகளிலும் சாறு கெட்டியாக, மெதுவாக 'பொளக் பொளக்' என்று குமிழியிட வேண்டும். குமிழி வேகமாகவும் தண்ணீராகவும் இருந்தால் இன்னும் பத்து நிமிடம். அதற்குள் மேலே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். இறுக்கி மூடினால் ஆவி திரும்பி மாவிலேயே விழும்.

எடுத்தவுடன் பரிமாறாதீர்கள். ஆறும்போதுதான் மாவுச்சத்து இறுகும். இருபது நிமிடம் பொறுத்தால் அதே கிரம்பிள் வேறு பண்டமாக இருக்கும். ஓவனிலிருந்து வந்த பழச்சாறு நாக்கைச் சுட்டுவிடும் என்பது இன்னொரு காரணம்.

சொதப்பினால்

ஆறிய பிறகும் அடி தண்ணீராகவே இருந்தால், நடுவில் கொதி வரவில்லை என்று பொருள். மறுபடி ஓவனில் பதினைந்து நிமிடம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நன்றாகக் கொதித்தும் நீர்த்திருந்தால் கார்ன்ஃப்ளார் குறைவு. இப்போது ஒன்றும் செய்ய முடியாது, சாற்றை மேலே ஊற்றிக்கொண்டு சாப்பிடுங்கள். நேர்மாறாக, பழம் பசையாக இழுபட்டால் அடுத்த தடவை அரை டேபிள்ஸ்பூன் குறையுங்கள்.

மேலே வெள்ளை வெள்ளையாக உலர்மாவு தெரிந்தால் வெண்ணெய் சரியாகப் பரவவில்லை. பாதி வேக்காட்டில் கவனித்தால் அந்த இடங்களில் உருக்கிய வெண்ணெய் சொட்டுவிடலாம். மேல்மாவு உருகிப் படலமாகிவிட்டால் கொழுப்போ சர்க்கரையோ விகிதத்தைத் தாண்டியிருக்கிறது, அல்லது ஓவன் சூடாகும் முன்பே உள்ளே வைத்துவிட்டீர்கள். நிறமே ஏறவில்லையென்றால் மேல் தட்டுக்கு மாற்றி, 200 டிகிரியில் கடைசி ஐந்து நிமிடம் விடுங்கள், பக்கத்திலேயே நின்றுகொண்டு.

ஓவன் இல்லாதவர்களுக்கு

வெறும் மைக்ரோவேவ் மேல்மாவைச் சிவக்க வைக்காது. கன்வெக்ஷன் வசதி இருந்தால் ஓவன் மாதிரியே பயன்படுத்தலாம். ஏர் ஃப்ரையரில் சிறு கிண்ணங்களில் 160 டிகிரி, 20 முதல் 25 நிமிடம். விசிறிக் காற்றில் ஓட்ஸ் பறக்கும் என்பதால் மேல்மாவைப் பெரிய கட்டிகளாக வைக்க வேண்டும். ஆப்பிள் மாதிரி கெட்டிப் பழம் என்றால் முன்கூட்டியே ஐந்து நிமிடம் அடுப்பில் வதக்கிக்கொள்ளுங்கள்.

அடுப்பு மட்டும் இருந்தாலும் முடியும். பழக்கலவையை வாணலியில் கிளறி, கொதித்துப் பளபளப்பாகும் வரை வேகவிடுங்கள். மேல்மாவை அடிகனமான வேறு வாணலியில் சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கைவிடாமல் வறுத்துத் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். சாப்பிடும்போது ஒன்றின் மேல் ஒன்று. ஓவன் கிரம்பிளில் இரண்டும் சேருமிடத்தில் வரும் பிசுபிசுப்பு இதில் கிடைக்காது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதன் சொந்தங்கள்

மேல்மாவில் ஓட்ஸ் சேர்த்ததை அமெரிக்காவில் கிரிஸ்ப் என்பார்கள். பேக்கிங் பவுடர் சேர்த்த மெத்து மாவை மேலே கரண்டி கரண்டியாக வைத்தால் கோப்ளர். ரொட்டித்தூளும் வெண்ணெயும் அடுக்கடுக்காகப் போட்டால் பிரவுன் பெட்டி (Brown Betty). டின் பழத்தின் மேல் கேக் மிக்ஸ் பொடியை அப்படியே கொட்டி வெண்ணெய் ஊற்றுவது டம்ப் கேக். நால்வரில் சோம்பேறிக்கு உகந்தது அதுதான், ஆனால் வெண்ணெய் படாத இடமெல்லாம் பொடியாகவே நின்றுவிடும். அடியில் பழத்துக்கு நடப்பது எல்லாவற்றிலும் ஒன்றே, ஆகவே மேலே சொன்ன கார்ன்ஃப்ளார் கணக்கு அங்கேயும் செல்லும்.

மிச்சம் வைப்பது

வெந்த கிரம்பிள் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். மேல்மாவு மெல்ல மெல்ல ஈரம் இழுக்கும். 170 டிகிரி ஓவனில் பதினைந்து நிமிடம் வைத்தால் மீண்டும் மொறுமொறுக்கும், மைக்ரோவேவில் சூடாக்கினால் இன்னும் தொளதொளக்கும். ஆனால் சேமித்து வைக்க உண்மையில் லாபமானது வேகாத மேல்மாவுதான். இரண்டு மடங்காகப் பிசறி, பாதியைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மூன்று மாதம் இருக்கும், உருக வைக்காமலே தூவலாம். ஒருவருக்கு மட்டும் என்றால் ஒரு கிண்ணத்தில் 150 கிராம் பழம், அதற்கு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், மேலே ஒன்றரைக் கைப்பிடி உறைந்த மாவு, 25 முதல் 30 நிமிடம்.